மூன்று நிறக் கண் வந்த சுற்றுவழி

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணைகளில் விடிவதற்கு முன்பே விளக்கு எரியத் தொடங்கிவிடும். பகல் வெளிச்சமும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து நாளுக்கு 16 மணி நேரம் கிடைத்தால் முட்டை குறையாது என்பது பண்ணைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்த வெளிச்சம் கோழியின் உடம்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால், "கண்ணு வழியாத்தானுங்க, வேறெப்படி?" என்பார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. முட்டையிடும் பருவத்தைத் தூண்டும் வெளிச்சத்தைப் பறவைகள் மண்டை ஓட்டைத் தாண்டி நேராக மூளையிலேயே வாங்கிக்கொள்கின்றன. 1930களில் பிரான்சைச் சேர்ந்த ழாக் பெனுவா, கண் நீக்கப்பட்ட வாத்துகளுக்குக்கூட வெளிச்ச நேரத்தைக் கூட்டினால் இனப்பெருக்க உறுப்புகள் வளர்வதைக் காட்டினார். எந்தப் பொருள் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கிறது என்பது தெரிய நெடுநாள் ஆயிற்று. 1994இல் கோழியின் மூளையில் உள்ள பீனியல் சுரப்பியில் பினாப்சின் என்ற புரதத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2010இல் காடையின் மூளையின் அடிப்பகுதியில் இன்னொன்று கிடைத்தது. அது புறஊதா ஒளியை உணர்வது.

இவை எல்லாம் ஆப்சின் என்ற ஒரே குடும்பத்துப் புரதங்கள். நம் கண்ணின் விழித்திரையில் இருப்பவையும் அதே குடும்பம்தான். ஒளி உணரும் இந்தப் புரதம் கண்ணைவிட வயதில் மூத்தது. புழுவிலும் பூச்சியிலும் ஜெல்லி மீனிலும்கூட இருக்கிறது. 1998இல் தவளையின் தோல் செல்களில் கண்டுபிடிக்கப்பட்ட மெலனாப்சின், நம் விழித்திரையின் உள்ளடுக்கிலும் உட்கார்ந்திருக்கிறது. உடலின் கடிகாரத்தைச் சூரியனோடு பொருத்துவதும், கண் பாப்பாவைச் சுருக்குவதும் அதன் முக்கிய வேலைகள். வம்சாவளி பார்த்தால் அது நம் பார்வைப் புரதங்களைவிட ஈயின் கண்ணில் உள்ள புரதத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

ஆப்சின் வேலை செய்யும் விதம் இதுதான். செல்லின் சவ்வை ஏழு முறை குறுக்கே கடந்து மடிந்திருக்கும் ஒரு புரதச் சங்கிலி. அதன் நடுவே ரெடினால் என்ற சிறிய மூலக்கூறு பிணைக்கப்பட்டிருக்கும். வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்தான் ரெடினால். முருங்கைக் கீரையில் இருக்கும் பீட்டா கரோட்டீனை உடல் நடுவில் வெட்டினால் இரண்டு ரெடினால் கிடைக்கும். இருட்டில் அது வளைந்த நிலையில் இருக்கும். ஓர் ஒளித்துகள் பட்டதும் நிமிர்ந்துவிடும். ஒரு நொடியின் லட்சம் கோடி பங்கில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் இது முடிந்துவிடுகிறது. நிமிர்ந்த ரெடினால் புரதத்தை உந்த, புரதம் உருமாறி, செல்லுக்குள் அடுத்தடுத்த வேதிவினைகளைக் கிளப்ப, கடைசியில் நரம்புக்குச் செய்தி போகிறது. ரெடினால் எல்லா விலங்குகளுக்கும் ஏறத்தாழ ஒன்றேதான். எந்த நிறத்தை அது பிடிக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அதைச் சுற்றி நிற்கும் அமினோ அமிலங்கள். அவற்றில் ஒன்றிரண்டு மாறினாலே பிடிக்கும் அலைநீளம் நகர்ந்துவிடும். கீழே வரும் கதை முழுக்க இந்த நகர்வுகளும் இழப்புகளும்தான்.

இதெல்லாம் தெரிய வந்ததற்கு மாட்டுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1876இல் ஃபிரான்ஸ் பால் என்ற ஆய்வாளர் தவளையின் விழித்திரையில் இருந்த செந்நிறம் வெளிச்சத்தில் வெளுப்பதைக் கண்டார். 1933இல் ஜார்ஜ் வால்ட் விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதைக் காட்டினார். அந்தப் பாதையில் போய் 1967இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் புரதத்தைக் கையில் எடுத்து அளக்கக் கிலோ கணக்கில் விழித்திரை வேண்டும். அது மேலைநாட்டு இறைச்சிக் கூடங்களில் மாட்டுக் கண்ணாகக் கிடைத்தது. 1982–83இல் மாட்டின் விழித்திரையில் உள்ள ரோடாப்சின் என்ற ஆப்சினின் 348 அமினோ அமிலங்களின் வரிசை முழுவதும் எழுதப்பட்டது. 2000இல் அதன் முப்பரிமாண வடிவமும் வெளிவந்தது. இன்று உலகில் எந்த விலங்கின் ஆப்சினைப் பற்றி எழுதினாலும், 122ஆம் இடம், 296ஆம் இடம் என்று எண்ணுவது மாட்டுப் புரதத்தின் வரிசைப்படிதான். காங்கேயம் காளையின் கொம்பையும் திமிலையும் பாடிய நம்மூரில், அதன் இனத்தின் கண்ணுக்கு இப்படி ஒரு பெருமை இருப்பதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

முதுகெலும்பிகளின் கதை 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் தொடங்குகிறது. அந்தக் காலத்தில் நம் மூதாதை ஒரு தாடையில்லாத மீன். அதற்கும் சற்று முன்பு முழு மரபணுத் தொகுதியும் இரட்டிப்பாகும் விபத்து நடந்திருக்கிறது, அதுவும் ஒரு முறையோடு நிற்கவில்லை. ஒரு மரபணுவுக்கு இரண்டு படிகள் இருந்தால் என்ன லாபம் என்பது சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்: ஒரு தறியில் வழக்கமான துணி ஓடிக்கொண்டிருந்தால்தான் பக்கத்துத் தறியில் புது டிசைனைப் போட்டுப் பார்க்க முடியும், கெட்டாலும் பிழைப்பு நிற்காது. அப்படித்தான் ஒரு படி பழைய வேலையைச் செய்ய, இன்னொரு படி வேறு அலைநீளத்துக்கு நகர்ந்தது. கடைசியில் ஐந்து வகைப் பார்வை ஆப்சின்கள் நின்றன. நான்கு, பகலில் நிறம் பார்க்கும் கூம்புச் செல்களுக்கு: சிவப்புப் பக்கம் ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, ஊதா அல்லது புறஊதாவுக்கு ஒன்று. ஐந்தாவது, மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சிச் செல்லின் ரோடாப்சின். இன்றும் உயிரோடு இருக்கும் தாடையில்லாத மீனான லாம்ப்ரே இனம் ஒன்றில் ஐந்துக்கும் ஈடான ஐந்து மரபணுக்கள் இருப்பதை 2003இல் கண்டார்கள். அப்படியென்றால் தாடை வருவதற்கு முன்பே நான்கு நிறப் பார்வை வந்துவிட்டது.

இங்கே பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதலில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது, பிறகு நிறம் வந்தது என்று நம் பள்ளிக் காலத்துப் படிப்படி ஏற்றக் கதைகள் மனத்தில் பதித்துவிட்டன. உண்மையில் பகலுக்கான கூம்புப் புரதங்கள் மூத்தவை. இரவுக்கான ரோடாப்சின் பச்சைக் கூம்புப் புரதத்தின் வழியில் பின்னால் வந்தது. இதை 1992இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தார் நிரூபித்ததும் கோழிக் கண்ணை வைத்துத்தான். கோழிக்கு அந்த ஐந்தும் அப்படியே இருக்கின்றன. மயிலுக்கும் அப்படியே. பொங்கலூர், தாராபுரம் பக்கம் காட்டில் விதைத்ததைப் பொறுக்கித் தின்னும் மயிலைத் துரத்துகிற விவசாயியைவிட ஒரு நிற வாய்க்கால் கூடுதலாக அந்த மயிலுக்கு உண்டு. ஏறத்தாழ 420 நானோமீட்டர் அலைநீள ஒளியை உணரும் ஊதாக் கூம்பு அதனிடம் இருக்கிறது.

கூம்புப் புரதம் ரோடாப்சினாக மாறியதில் நிறத்தைவிடப் பொறுமையே பெரிய மாற்றம். கூம்புப் புரதம் ஒளி பட்டதும் கிளர்ந்து, சட்டென்று அடங்கிவிடும். ஓடும் முயலைப் பார்க்க அதுதான் வேண்டும். ரோடாப்சின் கிளர்ந்த நிலையிலேயே நெடுநேரம் நின்று செய்தியைப் பெருக்கும். 122, 189 என்ற இரண்டு இடங்களில் உள்ள அமினோ அமிலங்களை மாற்றினாலே இந்தக் குணம் பெரிதும் இடம் மாறுவதை அதே கியோட்டோ குழுவினர் காட்டினார்கள். ரோடாப்சினுக்கு இன்னொரு திறமை: இருட்டில் சும்மா இருக்கும். வெப்பத்தால் ரெடினால் தானாக நிமிர்ந்துவிட்டால் வராத ஒளி வந்ததாகப் பொய்ச் செய்தி போகும். ஒரு ரோடாப்சின் மூலக்கூறு அப்படிப் பொய் சொல்லச் சராசரியாகச் சில நூறு ஆண்டுகள் ஆகும். ஒரு குச்சிச் செல்லில் 10 கோடி மூலக்கூறுகள் இருப்பதால் இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் இரவில் எதுவும் தெரியாது. ஒரே ஓர் ஒளித்துகளைக்கூடக் குச்சிச் செல் உணர்வது இதனால்தான்.

முதுகெலும்பிகளின் பார்வைப் புரதங்களுக்கு விசித்திரமான ஒரு செலவும் உண்டு. பூச்சிகள், கணவாய் போன்றவற்றின் ஆப்சினில், நிமிர்ந்த ரெடினால் புரதத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்; இன்னொரு ஒளித்துகள் பட்டால் மீண்டும் வளைந்துவிடும். நம்முடையது ரெடினாலைக் கழற்றி விட்டுவிடும். கழன்றது பின்னால் இருக்கும் நிறமிப் படலத்துக்குப் போய், நொதிகளால் வளைக்கப்பட்டு, திரும்பி வந்து சேர வேண்டும். மத்தியான வெயிலில் இருந்து சினிமாத் தியேட்டருக்குள் நுழைந்தவர் பிறர் காலை மிதித்துக்கொண்டே இருக்கையைத் தேடுவதும், கண் இருட்டுக்கு முழுதாகப் பழகச் சுமார் அரை மணி ஆவதும் இந்தச் சுற்றுப் பயணத்தால்தான். வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வருவதற்கும் இதே காரணம். இவ்வளவு சிரமம் எதற்கு? புரதத்துக்குள் ரெடினாலின் மின்னேற்றத்தைச் சமன்செய்யும் அமினோ அமிலம், பழைய ஆப்சின்களில் 181ஆம் இடத்தில் இருந்தது. முதுகெலும்பிகளில் அந்தப் பொறுப்பு 113ஆம் இடத்துக்கு மாறியது. அந்த இடமாற்றம் புரதம் இன்னும் பெரிதாக உருமாற வழிவிட்டது. செய்தியும் பல மடங்கு வலுத்தது. கழன்று போகும் தொல்லை அந்தப் பேரத்தோடு வந்தது என்றே எனக்குப் படுகிறது.

பாலூட்டிகளுக்கு வருவோம். இங்கே கதை ஏறுமுகமாக இல்லை. டைனோசர்கள் பகலை ஆண்டபோது நம் மூதாதைகள் இரவில் நடமாடிய சிறு பிராணிகள் என்று கோர்டன் வால்ஸ் 1942இலேயே எழுதினார். இருட்டில் நான்கு கூம்புகளுக்கு வேலை இல்லை. பயன்படாத மரபணுவில் பிழை விழுந்தால் இயற்கைத் தேர்வு அதைத் தட்டிக் கேட்காது. பச்சைக் கூம்புப் புரதம் முதலில் போயிற்று. பிறகு முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸின் கிளையில் ஒன்று, நம் கிளையில் இன்னொன்று எனக் குறுகிய அலைநீளப் புரதங்களிலும் ஒவ்வொன்று கைவிடப்பட்டது. நான்கு கூம்பு இரண்டானது. அந்த இரண்டோடுதான் இன்றைய பெரும்பாலான பாலூட்டிகள் வாழ்கின்றன. மாட்டின் இரண்டு கூம்புகள் ஏறத்தாழ 445, 555 நானோமீட்டரில் இருக்கின்றன. ஆட்டுக்கும் அதே அளவுதான். அதனால் மேச்சேரி ஆட்டுக்கும் சரி, பழையகோட்டைக் காளைக்கும் சரி, நாம் பிரித்துப் பார்க்கும் சிவப்பும் பச்சையும் ஒரே பக்கம்தான். சிவப்புத் துணியைப் பார்த்துக் காளை மிரள்கிறது என்றால் துணி ஆடுவதைப் பார்த்து மிரள்கிறது.

இழப்பு அத்தோடு நிற்காத இடமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காட்டை 2022இல் தமிழக அரசு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. தேவாங்கு நம்மைப் போலவே பிரைமேட் வரிசையைச் சேர்ந்தது, இரவாடி. டார்ச் வெளிச்சத்தில் செந்நிறமாக மின்னும் அந்தப் பெரிய கண்ணில் ஒரே வகைக் கூம்புதான் உண்டு. குறுகிய அலைநீளக் கூம்பின் மரபணு தேவாங்குக் குடும்பத்திலும் அதன் ஆப்பிரிக்கச் சொந்தங்களான புஷ்பேபிகளிலும் உடைந்து கிடக்கிறது. மரபணு இருக்கிறது, எழுத்து சிதைந்திருக்கிறது, புரதம் உருவாவதில்லை. இரு கூட்டத்திலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி உடைந்திருப்பதால், இழப்பு அவற்றின் பொது மூதாதைக்கே நடந்துவிட்டது என்று தெரிகிறது.

பல்லியின் கதை இதற்கு நேர் எதிர். அதன் முன்னோர்கள் பகலில் வாழ்ந்தபோது ரோடாப்சினைத் தொலைத்துவிட்டார்கள். பிறகு இரவுக்குத் திரும்பியபோது தொலைத்தது திரும்பக் கிடைக்கவில்லை. கையிலிருந்த கூம்புச் செல்களையே நீட்டிப் பெருக்கிக் குச்சி போல ஆக்கிக்கொண்டன. அதனால் நிலவொளியில், நமக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் நேரத்திலும், நிறம் பிரித்துப் பார்க்கும் பல்லி இனம் இருப்பதை 2004இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

நமக்கு இப்போது மூன்று கூம்புகள் இருக்கின்றனவே, மூன்றாவது எங்கிருந்து வந்தது? பழையது திரும்பி வரவில்லை. 3 முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகளின் மூதாதையில், எக்ஸ் குரோமோசோமில் இருந்த சிவப்புப் பக்க மரபணு இரட்டித்தது. ஒன்று சிவப்பில் தங்கியது. மற்றது பச்சைக்குச் சற்று நகர்ந்தது. நம் பச்சைக் கூம்பு கோழியின் பச்சைக் கூம்புக்குச் சொந்தமே இல்லை. வேடம் மாறிய சிவப்பு அது. வால்பாறை சோலைகளில் பழம் தேடும் சிங்கவால் குரங்கும், ஆழியாறு சாலையோரம் பொரி பறிக்கும் நாட்டுக்குரங்கும், நாமும் அந்த ஒரே இரட்டிப்பின் வாரிசுகள். பச்சை இலைகளுக்கு நடுவே பழுத்த பழம் தெரியவே இது நிலைத்தது என்று ஒரு கட்சி. செந்நிறமாகத் துளிர்க்கும் இளந்தளிர் தெரியவே என்று இன்னொரு கட்சி. மாங்கொழுந்தைப் பார்த்தவர்களுக்கு இரண்டாவதும் நியாயமாகத்தான் தோன்றும்.

நீலக் கூம்பும் சும்மா இருக்கவில்லை. நம் தொல் பாலூட்டி மூதாதையில் அது புறஊதாவை, சுமார் 360 நானோமீட்டரை, உணர்ந்தது. இப்போது 420க்குப் பக்கத்தில் இருக்கிறது. இடையில் ஏழு அமினோ அமிலங்கள் மாறின. ஏழு மாற்றங்களை 5040 வரிசைகளில் செய்யலாம். எமரி பல்கலைக்கழகத்தின் ஷோசோ யொகொயாமாவும் கூட்டாளிகளும் 2014இல் அந்த வழிகளை ஆராய்ந்து, ஐந்தில் நான்கு பங்கு வழிகள் நடுவில் செயலற்ற புரதத்தில் முட்டி நின்றுவிடுவதைக் கண்டார்கள். மிச்சமிருந்த சந்துகளில் ஏதோ ஒன்றின் வழியாகத்தான் வானத்தின் நீலம் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சிவப்பு, பச்சை மரபணுக்கள் அவசரத்தில் எடுத்த நகல் என்பதற்கு அடையாளம் இன்னும் அழியவில்லை. இரண்டு புரதங்களும் 96 விழுக்காடு ஒன்றே. இதை 1986இல் கண்டுபிடித்த ஜெரமி நேத்தன்ஸ் தன் சொந்த டி.என்.ஏ.வையே சோதனைக்கு எடுத்துக்கொண்டார். இவ்வளவு ஒத்த இரண்டு மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கருமுட்டை உருவாகும்போது குரோமோசோம்கள் தவறாகப் பொருந்தி, ஒன்று காணாமல் போவதோ இரண்டும் கலந்துபோவதோ எளிது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் ஈடுகட்ட வேறு படி இல்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு பச்சைக் குழப்பம் இருப்பது இதனால்தான். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டன் ஒரு நெசவாளியின் மகன். 1794இல் தன் நிறக்குருடு பற்றித் தானே எழுதினார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு, இறந்தபின் வெட்டிப் பார்க்கச் சொன்னார். 1844இல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. பாதுகாக்கப்பட்ட அந்தக் கண் துணுக்கில் இருந்து 1995இல் டி.என்.ஏ. எடுத்தபோது பச்சைப் புரதத்தின் மரபணு இல்லை என்று தெரிந்தது.

திருப்பூர் சாயப்பட்டறைகளின் லேப்களுக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. லேப் டிப் என்ற மாதிரிச் சாயத் துண்டை அடித்து, விளக்கு மாற்றிப் பார்க்கும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்கும்போது, பகல் வெளிச்சமான டி65இல் பொருந்தும் ஷேடு, கடை வெளிச்சமான டி.எல்.84இல் தனியாகத் தெரிந்து பையர் திருப்பி அனுப்புவது அங்கே அடிக்கடி நடக்கிற கதை. இரண்டு துணிகளிலும் சாயக் கலவை வேறு. அவற்றில் இருந்து வரும் ஒளியின் அலைநீளப் பங்கீடும் வேறு. ஆனால் நம் கண் அத்தனையையும் மூன்று எண்களாகச் சுருக்கிவிடுவதால், ஒரு விளக்கின் கீழ் மூன்று எண்களும் தற்செயலாக ஒத்துப்போய்விடுகின்றன. விளக்கை மாற்றினால் வேஷம் கலைகிறது. நான்கு கூம்புள்ள மயிலை லேப் அசிஸ்டென்டாக வைத்தால், நாம் பொருத்தம் என்று சொல்லும் ஜோடிகளில் பலவற்றை டி65இலேயே தள்ளிவிடும்.

நுட்பமான ஒரு சிக்கலும் இருக்கிறது. சிவப்புக் கூம்புப் புரதத்தின் 180ஆம் இடத்தில் சிலருக்குச் செரின், சிலருக்கு அலனின் என்ற அமினோ அமிலம். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் இந்தப் பங்கு ஏறக்குறைய 60க்கு 40. செரின் இருந்தால் கூம்பு சில நானோமீட்டர் சிவப்புப் பக்கம் தள்ளியிருக்கும். சிவப்பையும் பச்சையையும் கலந்து மஞ்சளோடு பொருத்தும் சோதனையில் இந்த இரு கூட்டத்தாரும் வேறுவேறு இடத்தில் "இப்போ சரி" என்று சொல்வதை 1992இல் காட்டினார்கள். இருவரும் நிறக்குருடு இல்லை. ஆகவே ஒரே துண்டுத் துணியை வைத்துக்கொண்டு "சிவப்பு தூக்கலா இருக்குதுங்கண்ணா" என்று ஒருவரும் "கண்ணாடி போடு தம்பி, சரியாத்தான் இருக்குது" என்று மற்றவரும் வாதாடினால் இரண்டு பேருமே நேர்மையாகப் பேசிக்கொண்டிருக்கலாம்.

வழக்கு தீராவிட்டால் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்து எண் எடுப்பார்கள். துணித் தொழிலில் அந்தக் கருவி பெரும்பாலும் பயன்படுத்தும் "திட்டமான கண்", அதாவது சராசரி மனிதக் கண்ணின் கணக்கு, 1964இல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தில் ஸ்டைல்ஸ், பர்ச் இருவரும் 49 பேரை உட்காரவைத்து எடுத்த அளவுகளே அதற்கு முக்கிய அடிப்படை. அந்த 49 பேரில் எத்தனை பேருக்கு 180ஆம் இடத்தில் செரின் இருந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது, அந்த மரபணு கையில் கிடைக்க இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன.